சேர் சி. வி. இராமன் (1888 – 1970)

சந்திரசேகர வெங்கட்ட இராமன் 1888 நவம்பர் 7 ஆந் திகதி திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பௌதிகவியல் கற்று 1907 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இந்தியாவில் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அரிதாயிருந்தது. ஆகவே நிதித் திணைக்களப் பரீட்சையிற் சித்தியடைந்து, கல்கத்தாவில் அரச உத்தியோகத்தில் அமர்ந்தார். எனினும் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்திற் பரிசோதனைகள் செய்துவந்தார். 1917 இல் உயர்ந்த சம்பளமுள்ள அப்பதவியைத் துறந்து, குறைந்த சம்பளத்திற் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921 இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலநிறம் அவரது சிந்தனையைத் தூண்டியது. வானத்தின் நீலம் நீரில் தெறிப்பதே இதற்குக் காரணம் என றேலி பிரபு கூறியிருந்தார். இராமன் ஓர் அரியத்தின் மூலம் தெறித்த ஒளியை நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. எனவே நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என அவர் முடிவுசெய்தார்.

இதனைத் தொடர்ந்து பல திரவங்களை ஆராய்ந்தார். 1928 பெப்ரவரி 28 ஆந் திகதி, தம் மாணவர் கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், சிதறிய ஒளியிற் படுமொளியில் இல்லாத புதிய நிறங்கள் இருப்பதை உறுதிப்படுத்தினார். இதுவே இராமன் விளைவு ஆகும்.

ஒளி போட்டன்கள் எனும் சக்திப் பொதிகளாகச் செல்கிறது. ஒரு போட்டனின் சக்தி அதன் மீடிறனுக்கு நேர்விகிதசமமாகும். மூலக்கூறிற் படும் போட்டன்களிற் பெரும்பாலானவை சக்தி மாறாமலே சிதறுகின்றன. மிகச் சிலவே மூலக்கூறை அதிரச் செய்து தம் சக்தியில் ஒரு பகுதியை இழக்கின்றன. அதனால் அவற்றின் மீடிறன் குறைந்து அலைநீளம் கூடுகிறது. ஏற்கெனவே அதிரும் மூலக்கூறிலிருந்து சக்தியைப் பெறும் போட்டனில் இதற்கு எதிர்மாறான மாற்றம் நிகழும். இச்சக்தி வேறுபாடு பதார்த்தத்துக்குப் பதார்த்தம் வேறுபடுவதால், கைவிரல் அடையாளம் போன்று அப்பதார்த்தத்தை இனங்காண உதவுகிறது. மருந்துகள், இரத்தினக்கற்கள் ஆகியவற்றைச் சேதமின்றிச் சோதிக்க இம்முறை பயன்படுகிறது.

இக்கண்டுபிடிப்புக்காக 1930 இல் நோபல் பரிசு பெற்ற இராமன், விஞ்ஞானத்தில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியராவார். 1948 இல் பெங்களூரில் தமது ஆராய்ச்சி நிறுவகத்தைத் தொடங்கினார். 1970 நவம்பர் 21 ஆந் திகதி காலமானார். இந்தியாவில் பெப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுவது குறிப்பிடத்தக்கது.