ஹம்போல்ட் கண்ட ஏரி

ஒரு தேசத்தை அந்நியர் ஆளுங்கால் அத்தேசத்து ஜனங்கள் மட்டுமே துன்புறுகிறார்கள் என்று எண்ணுவோர் பலர். மண்ணும் மரமும் நீரும் அவர்களோடு சேர்ந்தே துன்புறுகின்றன என்பதை நேரிற்கண்டு உலகுக்கு உரைத்தவர் அலெக்ஸாண்டர் வான் ஹம்போல்ட் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர். மலைகளையும் தாவரங்களையும் ஆராய்ந்த விஞ்ஞானி என்றே உலகம் அவரைப் போற்றுகிறது. அரசியலில் ஈடுபட்டோர் அவருடைய சரித்திரத்தினின்று கற்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டென்பது நம் கருத்து.

ஹம்போல்ட் 1769-ம் வருஷம் பெர்லினில் செல்வக் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்தார். தாயாரின் விருப்பத்திற்கிணங்கிப் பிரஷ்ய அரசாங்கத்தின் சுரங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். ஆயினும் அவர் மனம் தூர தேசங்களிலேயே இருந்தது. 1796-ல் தாயார் காலமானதும் உத்தியோகத்தைத் துறந்தார். ஸ்பானிய மன்னரிடம் அனுமதி பெற்று, பிதிரார்ஜித சொத்தையே வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டு, போன்ப்ளான் என்னும் பிரெஞ்சுத் தாவர சாஸ்திரியுடன் 1799-ல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அவர்கள் கரையிறங்கிய குமானா நகரில் தங்கிய வீட்டின் எதிரே அடிமைச் சந்தை கூடும். ஆப்பிரிக்காவினின்று கொண்டுவரப்பட்ட இளைஞரின் மேனிக்கு எண்ணெய் பூசி நிறுத்துவர். வாங்க வந்தவர்கள், குதிரையின் பல்லைப் பார்ப்பதுபோல, அவர்கள் வாயைத் திறந்து பார்ப்பர். அன்று அவர் உள்ளத்தில் மூண்ட வெறுப்பு அறுபது ஆண்டுகளுக்குப் பின் இறக்கும் வரையில் தணியவில்லை.

மறு வருஷம் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரியை அவர் அடைந்தார். ஏரி ஆண்டுதோறும் வற்றி வந்தது. நீருள் மூழ்கிக் கிடந்த திட்டுகள் வெளியே தலைகாட்டின. பூமிக்கடியிலுள்ள ஏதோ ஒரு வழியே நீர் வெளியேறுகிறதென்று ஊரார் நம்பினர். ஹம்போல்ட் அந்நம்பிக்கையை ஏற்கவில்லை. ஏரியை அளந்தார், சுற்றியுள்ள மலைச்சரிவுகளைப் பார்த்தார், பள்ளத்தாக்கின் விவசாயத்தை ஆராய்ந்தார். ஏற்றுமதிப் பயிர்களுக்காகத் தோட்ட முதலாளிகள் காடுகளை வெட்டித் தள்ளியிருந்தனர். ஏரியிற் சேரவேண்டிய ஓடைகளை வயல்களுக்குத் திருப்பியிருந்தனர்.

மரம் நிழல் தந்து ஈரத்தைக் காக்கிறது; அதன் வேர் மண்ணைப் பற்றி நிற்கிறது. மரம் போனபின் மழை நீர் நிலத்தில் ஊறாமல் வெள்ளமாகப் பாய்ந்து மண்ணை வாரிச் செல்கிறது. கோடையில் ஊற்றுக்கண்கள் அடைபடுகின்றன. இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த இவ்வுண்மையை ஓர் ஏரியை அளந்து, காரண காரிய முறைப்படி உலகோர் முன் வைத்த பெருமை ஹம்போல்டுக்கு உண்டு. அப்பள்ளத்தாக்கின் முக்கியப் பயிர்களில் ஒன்று அவுரி. அது மண்ணின் சாரத்தை உறிஞ்சுவதையும் அவர் கண்டார். அவுரியின் கதை நம் நாட்டாருக்குப் புதிதன்று.

பின்னர் ஓரினோக்கோ நதியில் நெடுந்தூரம் யாத்திரை செய்தார். 1802-ல், உலகிலேயே உயரமானதென்று அந்நாளில் கருதப்பட்ட சிம்பொராஸோ மலையில் 19,000 அடிக்கு மேல் ஏறினார். அடிவாரத்தினின்று பனிக்கோடு வரையில் தாவரங்கள் படிப்படியாக மாறுவதைக் கண்டு, இயற்கை என்பது தனித்தனிப் பொருள்களின் கூட்டமன்று, ஒன்றோடொன்று பின்னிய வலை என்று தெளிந்தார். மெக்ஸிகோவையும் கியூபாவையும் பார்த்துவிட்டு 1804-ல் ஐரோப்பா திரும்பினார். குடியேற்ற நாடுகளில் நிலம் சிலர் கையிற் குவிந்ததையும், உணவுப் பயிர் அழிந்து பணப்பயிர் பெருகியதையும், அடிமை முறையின் கொடுமையையும் தம் நூல்களில் வெளிப்படையாக எழுதினார்.

இமயமலையை அளந்து ஆண்டிஸ் மலையோடு ஒப்பிட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் ஆசை. பன்முறை லண்டன் சென்றார். பெரிய மனிதர்களின் சிபாரிசும் அவருக்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் கடைசிவரையில் அனுமதி அளித்தார்களில்லை. ஸ்பானிய ஆட்சியின் குற்றங்களை எழுதிய பேனா தங்கள் ஆட்சியைப் பற்றியும் எழுதிவிடும் என்று அவர்கள் அஞ்சினர் போலும். நமக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

அவரிடம் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. சொத்தெல்லாம் பிரயாணத்திலும் நூற்பதிப்பிலும் கரைந்தபின் பிரஷ்ய மன்னரின் ஊதியத்தில் வாழ்ந்தார். 1829-ல் ருஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் யாத்திரை செய்தபோது, பண்ணையடிமைகளின் நிலைமையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்னும் நிபந்தனைக்கு உடன்பட்டார். ஆராய்ச்சிக்காகக் கொடுத்த விலை அது, சிறிய விலையன்று. எனினும் அந்த யாத்திரையின் பயனாக எழுதிய நூலில், காடழிப்பும், நீர்நிலைகளின் மாற்றமும், தொழிற்சாலைகள் கக்கும் ஆவியும் வாயுவும் சீதோஷ்ணத்தையே மாற்றவல்லன என்று எச்சரித்தார். பிரஷ்ய மண்ணில் கால்வைத்த அடிமை அக்கணமே சுதந்திர மனிதனாவான் என்ற சட்டம் 1857-ல் நிறைவேறவும் முன்னின்று உழைத்தார். 1859-ல் தமது எண்பத்தொன்பதாம் வயதில் பெர்லினில் காலமானார்.

கம்பெனியார் தடுத்தது ஹம்போல்டை மட்டுமே. அவர் கருத்துக்களைத் தடுக்க இயலவில்லை. கம்பெனியில் ஊழியம் செய்த வைத்தியர்கள் சிலர் அவற்றைப் படித்து, காடு அழிந்தால் மழை குன்றும், பஞ்சம் வரும் என்று அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தனர். 1856-ல் டாக்டர் கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் காட்டிலாகாத் தலைவரானார். காடு காக்கப்பட வேண்டியதே. ஆனால் யாருக்காகக் காக்கப்பட்டது? ரயில் பாதைக் கட்டைகளுக்கும் சர்க்கார் வருமானத்துக்கும் இடம் இருந்தது. 1882-ம் வருஷத்துச் சென்னைக் காட்டுச் சட்டத்தின்பின், தலைமுறை தலைமுறையாக ஆடுமாடு மேய்த்தவனும் விறகு பொறுக்கியவனும் குற்றவாளிகளாயினர்.

ஹம்போல்டின் உபதேசத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதன் விளைவு இது. மரத்தை அழிக்கும் பேராசையும் மனிதனை அடிமையாக்கும் பேராசையும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதே அவர் கண்ட முழு உண்மை. சுதந்திரம் பெற்ற பின்னும், காட்டில் வாழ்வோரின் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டத்தை இயற்ற நமக்கு 2006-ம் ஆண்டு வரையில் சென்றது. அந்நியன் போனதனால் மட்டும் ஏரி நிரம்பிவிடாது. மரத்துக்காக மனிதனை விரட்டுவதும், லாபத்துக்காக மரத்தை வீழ்த்துவதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்று தேசத் தொண்டர்கள் உணர்வார்களாக.