வணிகத்தில் அறம் கண்ட சிதம்பரனார்

அந்தமான் தீவுகளில் வாழ்வோர்க்குக் கப்பலின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அரிசி, பருப்பு முதலிய பொருள்கள் பலவும் கடல் கடந்தே அங்கு வந்து சேர்கின்றன. ஆகவே, கப்பல் எவர் கையில் உள்ளது, அதன் கட்டணம் எவ்வளவு என்பன மக்கள் அனைவரையும் தொடும் வினாக்கள் ஆகும். நூறு ஆண்டுகளுக்கும் முன்னர்த் தமிழ்நாட்டில் இவ்வினாக்களை எழுப்பி, விடை காண முயன்றவர் வ.உ.சிதம்பரனார்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாதர், தாயார் பரமாயி அம்மையார். சட்டம் பயின்று வழக்கறிஞரான அவர், ஏழை எளியோருக்காகப் பொருள் பெறாமலும் வழக்காடினார்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடைபெற்ற கப்பல் போக்குவரத்து, ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் பிடியில் இருந்தது. இந்நிலையை மாற்ற எண்ணிய சிதம்பரனார், 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். அதன் முதலீடு 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் வகுக்கப்பட்டன. பாண்டித்துரைத் தேவர் தலைவராக விளங்கினார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். ஊதியம் ஈட்டுவது மட்டும் அந்நிறுவனத்தின் நோக்கமன்று. கப்பல் கட்டவும் செலுத்தவும் இந்தியரைப் பழக்குவதும் அதன் குறிக்கோளாக இருந்தது.

1907ஆம் ஆண்டு காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. உடனே ஆங்கிலேய நிறுவனம் தன் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது. இறுதியில் கட்டணமின்றியே பயணிகளை ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அச்சலுகை அன்பினால் அளிக்கப்பட்டதன்று. போட்டியாளர் அழிந்தபின் கட்டணம் மீண்டும் உயரும் என்பதை எவரும் உணரலாம்.

1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் ஒரு நிறுவனத்தை நடத்தியவரே. எனினும், அவர் முதலாளிகள் பக்கம் நில்லாது தொழிலாளர் பக்கம் நின்றார்; அவர்தம் குடும்பங்களுக்கு உதவப் பொருள் திரட்டினார். ஆலை நிருவாகம் இறுதியில் கோரிக்கைகளுக்கு இணங்கியது.

ஆங்கில அரசு சினம் கொண்டது. மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் அவருக்கு 40 ஆண்டுகள் தீவாந்தர தண்டனை விதித்தது. தீவாந்தரம் என்பது அந்நாளில் அந்தமானையே குறித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அவர் அந்தமானுக்கு அனுப்பப்படாமல் கோயம்புத்தூர், கண்ணூர்ச் சிறைகளில் அடைக்கப்பட்டார். அந்தமான் சிறையில் இந்திய விடுதலை வீரர்கள் செக்கிழுத்தது போலவே, கோயம்புத்தூர்ச் சிறையில் அவரும் செக்கிழுத்தார்.

தலைவரை இழந்த நிறுவனம் நலிந்து, 1911ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டு இறுதியில் விடுதலை பெற்றவரை வறுமை வாட்டியது. ஆயினும் திருக்குறளுக்கு உரை வரைந்தும், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தும் தமிழ்த்தொண்டு ஆற்றினார். 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் இயற்கை எய்தினார். இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர ஊதியத்தில் 2 விழுக்காட்டைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைப் பிறர்க்கு அளிப்பது நன்றே. அப்பொருள் எவ்வழியில் ஈட்டப்படுகிறது, உழைப்போர்க்கு உரிய கூலி கிடைக்கிறதா என்று கேட்பது அதனினும் நன்று. சட்டம் ஏதும் வற்புறுத்தாத காலத்திலேயே சிதம்பரனார் அவ்வாறு கேட்டார். அதற்குரிய விலையையும் தாமே கொடுத்தார்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது ஏன்?
2. சிதம்பரனார் ஆலைத் தொழிலாளர்க்கு எவ்வாறு உதவினார்?
3. உங்கள் ஊரில் உள்ள ஒரு நிறுவனம் மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் யாவை?