விதவைக்காக வாய் திறந்த ஊழியர்



சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடியில் கரையிறங்கினார். டென்மார்க் ராஜாவே அனுப்பிய ஊழியர். ஆனாலும் கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரை மதிக்கவில்லை. நெடுநேரம் வெளியே காக்க வைத்தார். தங்க இடமும் காட்டவில்லை. ஐயர் அதற்காக மல்லுக்கட்டவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி, அ, ஆ படித்தார்.

1708-ல் ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கு வந்தது. அவளுக்கு அநியாயம் நடக்கிறதென்று கண்டபோது ஐயர் சும்மா இருக்கவில்லை. அதே தளபதியிடம் அவளுக்காகப் பேசினார். கிடைத்தது நான்கு மாதச் சிறைவாசம். பேனாவும் காகிதமும்கூட மறுக்கப்பட்டன. 1709-ல் வெளியே வந்தவர், ஏற்கெனவே தொடங்கியிருந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை மறுபடியும் கையில் எடுத்தார். 1711-ல் முடித்தார், 1715-ல் அது அச்சாகி வந்தது. 1719-ல், 36 வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

கவனிச்சீங்களா? தனக்கு வந்த அவமானத்தை விழுங்கினார்; விதவைக்கு வந்த அநியாயத்தை விழுங்கவில்லை. நாம எப்படி? வேலப்பன்சாவடியில் குழாயடித் தண்ணிக்கும், சபையில் முன்வரிசை நாற்காலிக்கும் சண்டை போடுறோம். பக்கத்து வீட்டு விதவை அழும்போது நமக்கேன்னு கதவைச் சாத்துறோம். எந்தச் சண்டை நம்முடையது? இந்த வாரம் முழங்காலில் நின்று கேளுங்க.