நுகர்வோர் காவலர் டாக்டர் வைலி

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், எளிய உழவர் குடும்பத்தில் 1844 ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் ஹார்வி வைலி. அன்னாரின் தந்தையார் அடிமை முறையை வெறுத்தவர். வைலி மருத்துவமும் வேதியியலும் கற்றுப் பேராசிரியரானார். 1883 இல் அந்நாட்டு வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளரானார்.

அந்நாளில் இறைச்சி கெடாதிருக்க வெண்காரமும், பால் கெடாதிருக்க ஃபார்மலினும் சேர்த்தனர். அவற்றைத் தடுக்க நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. வாங்குவோர் கண்டறிய வழியும் இல்லை. 1902 இல் வைலி ஒரு சோதனையைத் தொடங்கினார். தாமாக முன்வந்த 12 இளைஞர்கள் இத்தகைய பொருள்கள் கலந்த உணவை உண்டனர். அவர்களின் எடையும் உடல்நிலையும் முறையாகக் குறிக்கப்பெற்றன. அவ்விளைஞர்கள் நலிவுற்றதை நாடறிந்தது. வைலியும் மகளிர் சங்கங்களும் இடையறாது முயன்றதன் பயனாக, 1906 ஜூன் 30 அன்று தூய உணவு, மருந்துச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் கையொப்பமிட்டார்.

சட்டம் வந்தும் போராட்டம் ஓயவில்லை. அதனைச் செயற்படுத்த மேலிடத்தார் தடையாயினர் என மனம் நொந்து, 1912 இல் வைலி பதவியைத் துறந்தார்; பணியைத் துறந்தாரில்லை. மகளிர் இதழொன்றின் ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் நுகர்வோர்க்காக உழைத்தார். சட்டம் பிறந்த அதே ஜூன் 30 ஆம் நாளில், 1930 இல் மறைந்தார்.

இளைஞர்களே! மலிவானதையே வாங்க இயலும் ஏழைக்குக் கலப்படத்தினின்று தப்ப வழி ஏது? அவ்வேழைக்குத் தம் கல்வியை அரணாக்கினார் வைலி. நீங்கள் பெறும் பட்டமும் பதவியும் அவ்வாறே பயன்படுவனவாகுக!