லேபிளில் பெயர் இல்லாத குரல்: யார் இந்த அல் போவ்லி?

ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) பார்த்தவர்களுக்கு அதன் கடைசிக் காட்சி மறக்காது. காலியான ஹோட்டல். சுவரில் ஒரு பழைய குரூப் போட்டோ. கேமரா மெல்ல மெல்ல அதை நெருங்கும். பின்னணியில் ஒரு பழைய பாட்டு. இவ்வளவு நேரம் நடுங்க வைத்துவிட்டு, முடிவில் இப்படி ஒரு கனிவான குரலா என்று யோசித்திருப்பீர்கள்.

அந்தக் குரல்தான் அல் போவ்லி. பாட்டு 'மிட்நைட், தி ஸ்டார்ஸ் அண்ட் யூ'. 1934 பிப்ரவரியில் லண்டனில் பதிவானது. போட்டோவில் எழுதியிருக்கும் வருஷமோ 1921. அந்த வருஷம் போவ்லி தென்னாப்பிரிக்காவில் இருந்தார், ஒரு ரிக்கார்டுகூடப் பாடியிருக்கவில்லை. பேய் ஹோட்டலில் கணக்கு பார்க்க முடியாதுதான்.

(அவர் பெயரை உச்சரிப்பது போல எழுதினால் தமிழில் 'போலி' என்று வந்து நிற்கும். அசல் குரலுக்கு அது பொருந்தாது என்பதால் இங்கே போவ்லி.)

பாடியவர் பெயர் ஏன் இல்லை?

1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த நடன இசைத்தட்டுகளின் லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது பேண்ட் தலைவரின் பெயர். கீழே பாட்டின் பெயர். அதோடு இது ஃபாக்ஸ்ட்ராட்டா, வால்ட்ஸா என்ற தகவல். வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது எந்தத் தாளத்துக்குக் கால் வைப்பது என்பதைத்தானே! பாடியவரைப் பற்றி, நடுவில் பாட்டும் உண்டு என்கிற மாதிரி ஒரு குறிப்பு மட்டும். பல தட்டுகளில் அவர் பெயரே இருக்காது.

ரிக்கார்டின் அமைப்பும் அப்படித்தான். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். முதலில் பேண்ட் முழு மெட்டையும் வாசிக்கும். ஒரு நிமிடம் கழித்துப் பாடகர் வந்து ஒரு சுற்று பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு மறுபடியும் பேண்ட். டிரம்பெட், சாக்ஸபோன் மாதிரி பாடகரும் ஒரு வாத்தியம், அவ்வளவுதான். சம்பளமும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான். பதிவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. தட்டு ஆயிரம் விற்றாலும் லட்சம் விற்றாலும் அதில் மாற்றமில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் நின்றுதான் போவ்லி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தார்.

சலூனிலிருந்து சிங்கப்பூர் வரை

1890-களின் கடைசியில், அன்றைய போர்ச்சுகீசிய மொசாம்பிக்கின் லோரென்சோ மார்கெஸ் நகரில் (இன்றைய மபூட்டோ) பிறந்தவர். அப்பா கிரேக்கர், அம்மா லெபனான்காரர். வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கில். அங்கே முடிதிருத்தும் வேலை பார்த்தார். பாஞ்சோ, உகுலேலே, கிதார் எல்லாம் வாசிக்க வரும்.

1920-களின் நடுவில் எட்கர் அடெலர் என்பவரின் டான்ஸ் பேண்டில் சேர்ந்து ஊர் ஊராகக் கிளம்பினார். ரொடீசியா, கென்யா, இந்தியா, அப்புறம் இன்றைய இந்தோனேசியா. சுரபயாவில் அடெலரோடு சண்டை, வேலை போயிற்று. அங்கேயே ஒரு பிலிப்பைன்ஸ் பேண்டில் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டவரை, ஜிம்மி லெக்வைம் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அந்தக் குழுவோடு கல்கத்தாவிலும் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலிலும் பாடினார். அந்தக் காலத்தில் ஆசியத் துறைமுக நகரங்களின் வெள்ளைக்கார ஹோட்டல்களில் டான்ஸ் பேண்ட் இல்லாமல் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாத இந்தப் பாடகருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவை இந்த ஹோட்டல்கள்தான்.

1927-ல் ஜெர்மனிக்குப் போனார். முதல் ரிக்கார்டு பெர்லினில் பதிவானது. இர்விங் பெர்லின் எழுதிய 'புளூ ஸ்கைஸ்'. கூட வாசித்தது யார் தெரியுமா? சுரபயாவில் வேலையை விட்டுத் துரத்திய அதே அடெலர்.

லண்டனும் மைக்கும்

1928-ல் லண்டன் சவாய் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஃபிரெட் எலிசால்டே குழுவில் இடம் கிடைத்தது. அது நீடிக்கவில்லை. 1929-ல் வேலை போனது, கூடவே உலகப் பொருளாதாரமும் படுத்தது. போவ்லி சில மாதம் தெருவில் நின்று பாடித்தான் வயிற்றைக் கழுவினார்.

1930 நவம்பரில் ஹெச்.எம்.வி. நிறுவனத்தில் ரே நோபிள் அவரைப் பாட அழைத்தார். அடுத்த மே மாதம் மான்சீன்யோர் உணவகத்தில் ராய் ஃபாக்ஸின் பேண்ட். பகலில் ஸ்டூடியோ, இரவில் உணவகம். நாலே வருஷத்தில் 500-க்கும் மேல் பாட்டு. ஃபாக்ஸ் போய் அந்த பேண்டுக்கு லூ ஸ்டோன் தலைவரானபோதும் பாடகர் மாறவில்லை.

அவர் குரலில் அப்படி என்ன விசேஷம்? 1925-க்கு முன் ரிக்கார்டு செய்வதென்றால் ஒரு பெரிய கூம்புக்குள் கத்த வேண்டும். ஒலியின் பலத்தால் மட்டுமே ஊசி அசையும். மெல்லப் பாடினால் எதுவும் பதியாது. அதனால் மேடையில் கடைசி வரிசைவரை எட்டும் கனத்த குரல்களுக்குத்தான் மவுசு. மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925-ல் வந்ததும் நிலைமை தலைகீழானது. காதருகே பேசுவது போலப் பாடலாம், மூச்சுகூடக் கேட்கும். ஆனால் பழைய பழக்கத்தில் மைக் முன்னாலும் முழங்கியவர்கள் அநேகம் பேர்.

போவ்லி அந்தக் கருவியைப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர். நோபிள் எழுதிய 'குட்நைட் ஸ்வீட்ஹார்ட்' (1931), 'தி வெரி தாட் ஆஃப் யூ' (1934) இரண்டையும் கேட்டுப் பாருங்கள். எங்கேயும் அழுத்திப் பிடிக்க மாட்டார். ஒரு சொல்லைத் தாளத்துக்குச் சற்றே பின்னால் விட்டு, அடுத்த சொல்லில் வந்து சேர்ந்துகொள்வார். அரங்கத்தைப் பார்த்துப் பாடுகிற குரல் இல்லை அது, ஒரே ஒரு ஆளிடம் சொல்கிற குரல். லேபிளில் பெயர் இல்லாவிட்டால் என்ன, கேட்டவர்கள் இது யார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு அவர் பெயரிலேயே சில தட்டுகளும் வந்தன.

அமெரிக்கா: போனதும் திரும்பியதும்

நோபிளின் ரிக்கார்டுகள் அமெரிக்காவிலும் விற்றதால் 1934-ல் நோபிளுக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. அவர் கூட்டிப் போனது இரண்டு பேரை மட்டும். ஒருவர் டிரம்மர் பில் ஹார்ட்டி, இன்னொருவர் போவ்லி. மற்ற வாத்தியக்காரர்களை அங்கேயே திரட்டித் தந்தவர், பின்னால் தானே பெரிய நட்சத்திரமான கிளென் மில்லர். நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் 65-வது மாடி ரெயின்போ ரூமில் கச்சேரி. ஒரு பாடகர் இதற்கு மேல் ஏற வேறு மாடி இல்லை என்று தோன்றும்.

ஆனா இங்கேதான் அடி விழுந்தது. அவர் அந்தப் பக்கம் இருந்த இரண்டு வருஷத்தில் லண்டன் வேறு குரல்களுக்குப் பழகிவிட்டது. 1937 தொடக்கத்தில் திரும்பி வந்தபோது பழைய இடம் காலியாக இல்லை. போதாக்குறைக்குத் தொண்டையில் கோளாறு. குரலையே நம்பிப் பிழைப்பவர் நியூயார்க் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. குரல் திரும்பியது, மார்க்கெட் திரும்பவில்லை. ஒரு பேண்டில் இருந்து இன்னொரு பேண்டுக்கு, வெளியூர்த் தியேட்டர்களுக்கு என்று அலைந்தார். பழைய ஹிட் ரிக்கார்டுகளில் அவருக்குப் பங்கு இருந்திருந்தால் அந்த வருஷங்கள் வேறு மாதிரி கழிந்திருக்கும்.

1940-ல் ஜிம்மி மெசீன் என்பவரோடு சேர்ந்து, ஆளுக்கொரு கிதாரோடு மேடை ஏறினார். 'ரேடியோ ஸ்டார்ஸ்' என்று பெயர். கூட்டம் மறுபடி வரத் தொடங்கியது. கடைசியாக இருவரும் பதிவு செய்தது ஹிட்லரைக் கிண்டல் செய்யும் ஒரு பாட்டு, 1941 ஏப்ரல் 2-ல். அதையும் எழுதியவர் இர்விங் பெர்லின்தான்.

கடைசி ரயில்

லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். போவ்லி சேர்ந்து பாடிய பேண்ட் தலைவர்களில் ஒருவரான கென் ஜான்சன், அந்த மார்ச்சில் கஃபே தி பாரீ மீது விழுந்த குண்டில் மேடையிலேயே இறந்திருந்தார்.

ஏப்ரல் 16 இரவு, லண்டனில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹை விக்கம் ஊரின் ரெக்ஸ் தியேட்டரில் போவ்லியும் மெசீனும் பாடினார்கள். ராத்திரி இங்கேயே தங்கிப் போகலாமே என்று அங்கே கேட்டார்கள். போவ்லி மறுத்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடித்து டியூக் தெருவில் இருந்த தன் பிளாட்டுக்கு வந்தார். விடியற்காலை 3 மணி வாக்கில் வெளியே பாராசூட் குண்டு ஒன்று வெடித்தது. அந்த அதிர்ச்சியில் படுக்கையறைக் கதவு பெயர்ந்து வந்து தலையில் மோதியது. உடம்பில் பெரிய காயம் எதுவும் தெரியவில்லை.

அந்த ஒரே இரவில் லண்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தனித்தனியாகப் புதைக்க வழியில்லை. ஹான்வெல்லில் உள்ள மயானத்தில் மற்றவர்களோடு ஒரே குழியில் போவ்லியும் அடக்கம் செய்யப்பட்டார்.

பிறகு?

போருக்குப் பிறகு ரசனை மாறியது, அவரைக் கொஞ்சம் பேரே நினைவு வைத்திருந்தார்கள். 1978-ல் டென்னிஸ் பாட்டர் எழுதிய 'பென்னீஸ் ஃப்ரம் ஹெவன்' பிபிசி தொடரும், இரண்டு வருஷம் கழித்து 'தி ஷைனிங்' படமும் அந்தக் குரலைத் திரும்பக் கொண்டுவந்தன. 2013-ல், அவர் புகழோடு இருந்தபோது குடியிருந்த சேரிங் கிராஸ் சாலைக் கட்டடத்தில் நீலப் பலகை வைத்தார்கள்.

அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை 50 வருஷம்தான் என்பதால், 1980-களில் இந்தப் பதிவுகள் ஒவ்வொன்றாக அங்கே உரிமைக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்தன. கேசட், சிடி என்று பல நிறுவனங்கள் தொகுத்து வெளியிட்டன. அந்தச் சிடி அட்டைகளில் பெரிய எழுத்தில் இருப்பது அல் போவ்லி. ரே நோபிளின் பெயர் அடியில், சின்னதாக.