பெடலை மிதித்தார், கிட்டாரின் குரலே மாறியது: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை எப்படிச் செய்தார்?

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இறந்து அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அவர் மாதிரி சத்தம் வர எந்த பெடல் வாங்கணும் என்ற கேள்வி மட்டும் ஓயவில்லை. பதில் ஒரு பெட்டிக்குள் இல்லை. ஏன்? அவர் கதையைப் பார்த்தால் புரியும்.

யார் இவர்?

1942 நவம்பர் 27-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். வறுமையான வீடு. குப்பையில் கிடைத்த ஒற்றைத் தந்தி உகுலேலேவில் தொடங்கி, 15 வயதில் 5 டாலர் கிட்டாருக்கு வந்தார். இடது கைக்காரர் என்பதால், சாதாரண கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். ராணுவத்தில் கொஞ்ச காலம். பிறகு லிட்டில் ரிச்சர்ட் போன்ற பாடகர்களுக்குப் பக்கவாத்தியம். 1966-ல் சாஸ் சாண்ட்லர் என்ற இசைக்கலைஞர் லண்டனுக்கு அழைத்துப் போக, வாழ்க்கை தலைகீழானது.

ஆம்ப் ஏன் முக்கியம்?

லண்டனில் அவர் கைக்கு வந்தது 100 வாட் மார்ஷல் ஆம்ப். வால்வில் இயங்கும் இதில் சத்தத்தை முழுசா ஏற்றினால், வால்வு தாங்காமல் ஒலி அலையின் உச்சியை நசுக்கிவிடும். அந்தக் கரகரப்புதான் 'டிஸ்டார்ஷன்'. அதற்கு முன்னால் ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலை வைத்தார். அதுவும் அலையை நசுக்கும். கூடவே ஆம்பையும் இன்னும் வேகமாக முட்டும். ஆனால் கிட்டாரில் உள்ள வால்யூம் திருகைச் சற்றுக் குறைத்தால் போதும், உறுமல் அடங்கி ஒலி தெளியும். பெடலைத் தொடாமலே விரலால் இதைச் செய்தார்.

வரிசையில் என்ன இருக்கிறது?

1969 ஆகஸ்ட் 18, வுட்ஸ்டாக் இசை விழாவின் கடைசி நாள். கிட்டாரிலிருந்து முதலில் வா-வா பெடல், அடுத்து ஃபஸ், அதன் பிறகு ஒலியைச் சுழல வைக்கும் யூனி-வைப், கடைசியில் மார்ஷல். வா-வா முன்னால் இருந்ததால், கால் அசைவில் மாறிய ஒலிதான் ஃபஸுக்குள் போனது. வியட்நாம் போர் நடந்த நேரம் அது. அன்று அவர் வாசித்த அமெரிக்க தேசிய கீதத்தில் பலருக்கும் குண்டுச் சத்தமே கேட்டது.

எஃபெக்ட்ஸ் லூப் இருந்ததா?

இல்லை. ஆம்புக்குள் இரண்டு கட்டம் உண்டு: ஒலியை வடிவமைக்கும் ப்ரீஆம்ப், அதற்கு பலம் கொடுக்கும் பவர் ஆம்ப். இரண்டுக்கும் நடுவில் பெடலை இணைக்கும் வழிதான் எஃபெக்ட்ஸ் லூப். ப்ரீஆம்பில் கரகரப்பை ஏற்றி வாசிப்பவர்கள் எதிரொலி தரும் டிலே பெடலை ஆம்புக்கு முன்னால் வைத்தால், எதிரொலியும் சேர்ந்து நசுங்கிக் குழம்பும். லூப்பில் வைத்தால் தெளிவாகக் கேட்கும்.

ஹென்ட்ரிக்ஸின் மார்ஷலில் அந்த வசதி கிடையாது. எல்லாமே ஆம்புக்கு முன்னால்தான். சுழலும் ஒலியும் கரகரப்பும் பிரிக்க முடியாமல் கலந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதே மாதிரி பெடலை இன்று லூப்பில் மாட்டினால் சத்தம் சுத்தமாக இருக்கும். அந்தக் கலவை கிடைக்காது.

நியூயார்க்கில் சொந்த ஸ்டூடியோ திறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1970 செப்டம்பர் 18-ல் லண்டனில் இறந்தார். வயது 27. புகழோடு வாழ்ந்தது நான்கே வருடம்.

அடுத்த பெடலுக்குக் காசு சேர்ப்பவர்கள், முதலில் இருக்கிற பெடல்களின் வரிசையை மாற்றிப் பார்க்கலாம், கிட்டாரின் வால்யூம் திருகையும் திருப்பிப் பார்க்கலாம். அதற்குச் செலவே இல்லை.