டேனியல் பெர்னௌலி – மருத்துவம் பயின்ற கணித மேதை

மேனிலைப் பள்ளியில் இயற்பியல் பயின்றோர் பெர்னௌலி தேற்றத்தை அறிவர். ஒரே மட்டத்தில் ஓடும் நீரின் வேகம் மிகும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும் என்பது அத்தேற்றத்தின் சாரம். புயற்காற்றில் கூரைத் தகடு மேலெழுந்து பறப்பதற்கு ஆசிரியர்கள் இதனையே காரணமாகக் காட்டுவர். ஆயினும் அத்தேற்றத்தைத் தந்தவர் பட்டம் பெற்ற மருத்துவர் என்பதையும், உடலினுள் ஓடும் குருதியைப் பற்றிய வினா அவர் நீரோட்ட ஆய்வோடு பின்னிக் கிடந்தது என்பதையும், பெரியம்மைக்கு எதிராக முதன்முதல் கணிதத்தை ஏந்தியவர் அவரே என்பதையும் அறிந்தோர் சிலரே. அப்பெருமகனாரின் வாழ்க்கையை ஈண்டுக் காண்போம்.

டேனியல் பெர்னௌலி 1700ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் ஆலந்து நாட்டின் குரோனிங்கன் நகரில் பிறந்தார். அவர்தம் குலம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சார்ந்தது. சமயக் கொடுமைக்கு அஞ்சி ஆண்ட்வெர்ப் நகரினின்றும் வெளியேறிய முன்னோர், வாசனைப் பொருள் வணிகராய்ப் பாசலில் குடியேறினர். வணிகக் குலத்தில் கணிதம் புகுந்தது பெரியதந்தை யாக்கோப் பெர்னௌலியின் காலத்தில். அவருடைய தம்பியும் டேனியலின் தந்தையுமான யோகான் அக்கால ஐரோப்பாவின் தலைசிறந்த கணித வல்லுநருள் ஒருவர். 1705இல் யாக்கோப் மறைந்தபின் அவர் வகித்த பேராசிரியர் பதவி யோகானுக்குக் கிடைக்க, குடும்பம் பாசலுக்குத் திரும்பியது.

யோகானின் தந்தை அவரை வணிகராக்க முயன்று தோற்றவர். அந்த யோகானே தம் மகனையும் வணிகத்தில் இருத்த முயன்றார் என்பது விந்தை. கணிதத்தால் பொருள் சேராது என்று அவர் கருதினார். வணிகக் குடும்பங்களை அறிந்த நம் வாசகர்களுக்கு இக்காட்சி புதிதன்று. மகன் இணங்காமற் போகவே, மருத்துவமாவது பயிலட்டும் என்று விட்டார். எனினும் வீட்டில் தந்தையும் தமையன் நிக்கோலசும் டேனியலுக்குக் கணிதம் கற்பித்தே வந்தனர். ஐடெல்பர்க், ஸ்ட்ராஸ்பர்க், பாசல் ஆகிய ஊர்களில் மருத்துவம் கற்ற டேனியல், 1721இல் மூச்சு விடுதலின் இயக்கத்தை விளக்கும் ஆய்வுரை எழுதி மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் வந்தது, பதவி வரவில்லை. பாசல் பல்கலைக்கழகத்தில் தகுதியுடையோர் சிலரைத் தேர்ந்து, இறுதியில் திருவுளச் சீட்டினால் பேராசிரியரை முடிவு செய்வது அக்கால வழக்கம். உடற்கூறு–தாவரவியல் பதவிக்கும், தருக்கப் பதவிக்கும் முயன்ற டேனியலை இருமுறையும் சீட்டு கைவிட்டது. அவர் இத்தாலிக்குச் சென்று வெனிசு நகரில் மருத்துவப் பயிற்சியைத் தொடர்ந்தார். அங்கே நோயுற்றுக் கிடந்த காலத்திலும் கணிதத்தை விடவில்லை. 1724இல் அவருடைய முதல் கணித நூல் வெனிசில் வெளியாயிற்று. கப்பலின் ஆட்டத்திலும் பிழைபடாது காலம் காட்டும் மணற்கடிகை ஒன்றை வகுத்தமைக்காக 1725இல் பாரிசு அறிவியற் கழகத்தின் பரிசும் கிட்டியது. வாழ்நாளில் அவர் அக்கழகத்தில் பெற்ற பரிசுகள் பத்து. நங்கூரம், கடலின் ஏற்றவற்றம், காந்தம், கடல் நீரோட்டம் எனப் பொருள்கள் பல.

அவ்வாண்டிலேயே உருசிய நாட்டின் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாய்த் தோன்றிய அறிவியற் கழகம் டேனியலையும் நிக்கோலசையும் ஒருங்கே அழைத்தது. உடன்பிறந்தார் இருவரும் மகிழ்வுடன் சென்றனர். ஓராண்டு நிறைவதற்குள், 1726இல், நிக்கோலஸ் காய்ச்சலால் மாண்டார். கடுங்குளிர் மிக்க அந்நிய நாட்டில் தமையனை இழந்த டேனியல் ஊர் திரும்பவே விரும்பினார். அத்தனிமைக்கு மருந்தாக 1727இல் வந்து சேர்ந்தவர் தந்தையின் மாணாக்கரான லெனார்டு ஆய்லர். உடலியல் பிரிவிற்கென அழைக்கப்பட்டமையால் அவரும் அவசரமாக மருத்துவ நூல்களைப் புரட்டிக்கொண்டு வந்தார் என்பது சுவையான செய்தி. இருவரும் ஒரே இல்லத்தில் தங்கி ஆய்ந்த அந்த ஆறாண்டுகளே டேனியலின் வாழ்வில் மிகுந்த விளைவு தந்த காலம்.

அவர் ஆய்வின் மையத்தைச் சற்று விரித்துரைப்போம். குருதி உடலினுள் சுற்றி வருகிறது என்பதை ஆங்கில மருத்துவர் ஆர்வி 1628இலேயே நிறுவியிருந்தார். ஆனால் ஓடும் குருதி நாளத்தின் சுவரை எவ்வளவு வலிமையோடு அழுத்துகிறது என்பதை அளக்க வழியில்லை. நிற்கும் நீரின் அழுத்தத்தை அறிவது எளிது. ஓடும் நீரின் அழுத்தத்தை அறிவதே அரிது. டேனியல் செய்தது மிக எளிய சோதனை. நீர் பாயும் குழாயின் சுவரில் சிறு துளையிட்டு, இருபுறமும் திறந்த மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்றை அதில் நிறுத்தினார். நீர் அக்குழலினுள் ஏறி ஓர் உயரத்தில் நின்றது. அந்த உயரமே அழுத்தத்தின் அளவு.

அதன் காரணத்தையும் அவர் கண்டார். மேலே எறிந்த கல் உயர உயர வேகத்தை இழக்கிறது; இழந்த வேகம் உயரமாக மாறுகிறது; விழும்போது உயரம் மீண்டும் வேகமாகிறது. இக்கொள்கை தந்தை யோகானிடம் அவர் கற்றதுதான். ஓடும் நீரிலும் இத்தகைய கொடுக்கல் வாங்கல் உண்டு, அங்கே வேகத்தோடு மாறிக்கொள்வது அழுத்தம் என்பதே டேனியலின் கண்டுபிடிப்பு. இன்று நாம் பாடநூலில் காணும் சமன்பாட்டு வடிவம் பின்னர் ஆய்லர் கையால் அமைந்தது, கருத்து டேனியலுடையது.

 ஏறத்தாழ அக்காலத்திலேயே ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஏல்சு, டேனியலை அறியாமலே, குதிரையின் நாளத்தில் குழாயைச் செருகிக் குருதி ஏறும் உயரத்தை அளந்து 1733இல் நூலாக வெளியிட்டார். வாயில்லா உயிருக்கு இழைத்த இச்செயலைப் படிக்குங்கால் நம் நெஞ்சம் பதைக்கவே செய்கிறது. எனினும் நிகழ்ந்ததை மறைப்பது வரலாறாகாது. நாளத்தைக் கீறாமல், கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி வெளியிட்டது 1896இல்தான்.

1733இல் டேனியல் பாசலுக்குத் திரும்பினார். இம்முறை சீட்டு அவர் பக்கம் விழுந்து, உடற்கூறு–தாவரவியல் பேராசிரியர் ஆனார். தாவரவியலில் அவருக்கு நாட்டம் இல்லை. 1743இல் அதனை மாற்றி உடலியலைப் பெற்றார். 1737இல் நிகழ்த்திய உரை ஒன்றில், இதயம் செய்யும் வேலையைப் பொறியின் வேலைபோல் கணக்கிடும் வழியைக் காட்டினார்.

ஊர் திரும்பியவரை வரவேற்றது தந்தையின் பொறாமை. 1734இல் கோள்களின் பாதைச் சாய்வு பற்றிய ஆய்வுக்காகப் பாரிசுக் கழகம் தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பரிசைப் பகிர்ந்து அளித்தது. உலகில் வேறெந்தத் தந்தையும் பூரித்திருக்கக் கூடிய அச்செய்தி யோகானைச் சினங்கொள்ளச் செய்தது. மகனைத் தமக்கு நிகராக வைத்தமையை அவரால் பொறுக்க இயலவில்லை. முன்னர்த் தமையன் யாக்கோபோடும் அவர் இவ்வாறே முரண்பட்டவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பீட்டர்ஸ்பர்க்கில் எழுதிய பெருநூல் 1738இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சேறியது. அதன் பெயர் ‘ஐட்ரோடைனமிக்கா’. பாய்ம இயக்கவியல் என்னும் துறைக்கு மேனாட்டு மொழிகளில் வழங்கும் பெயர் இந்நூலினின்றே பிறந்தது. முகப்புத் தாளில் ஆசிரியர் தம்மை யோகானின் மகன் டேனியல் என்றே குறித்தார். தந்தையின் மனத்தை ஆற்றவே இவ்வாறு செய்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. அது பயனளிக்கவில்லை. சில ஆண்டுகளில் யோகான் ‘ஐட்ராலிக்கா’ என்னும் நூலை வெளியிட்டு, அது 1732இலேயே எழுதப்பட்டதாக ஆண்டினை முன்தள்ளிக் குறித்தார். மகன் தந்தையைப் பின்பற்றியதாக உலகம் எண்ண வேண்டும் என்பதே கருத்து. யோகானின் நூல் வெறும் நகலன்று. விசைகளின் வழியே நீரோட்டத்தை நோக்கும் புதுமை அதில் உண்டு என்று பிற்கால அறிஞர் காட்டியுள்ளனர். அதனால் பொய்யான ஆண்டு மெய்யாகிவிடாது. பத்தாண்டு உழைப்பின் பலனை ஒரு கணத்தில் இழந்ததாக 1743இல் ஆய்லருக்கு எழுதிய மடலில் டேனியல் மனம் நொந்தார். ஆயினும் தந்தையைத் தாக்கி நூல் ஏதும் எழுதவில்லை. 1748இல் யோகான் மறைந்தார். பாரிசுக் கழகத்தில் அவர் வகித்த அயல்நாட்டு உறுப்பினர் இடம் டேனியலுக்கே வந்தது.

அந்நூலின் பத்தாம் அதிகாரம் தனித்துச் சொல்லத்தக்கது. மூடிய கலத்திலுள்ள காற்று என்பது எண்ணற்ற நுண்துகள்கள் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் கூட்டம். அவை சுவரில் மோதுவதே அழுத்தம். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்று டேனியல் காட்டினார். அணுவை எவரும் காணாத காலம் அது. வெப்பத்தை ஒருவகைப் பாய்மம் என்று நம்பிய அக்கால அறிஞர் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1857இல் கிளாசியசும் அதன்பின் மேக்சுவெல்லும் இதே வழியில் சென்றபோதுதான், நூறாண்டுக்கு மேலாகப் படிப்பாரற்றுக் கிடந்த அந்தப் பக்கங்களின் அருமை புலனாயிற்று.

அதே 1738இல் அவர் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, ஊறும் இடரும் பற்றியது. ஒரே தொகை வறியவனுக்குத் தரும் பயனும் செல்வனுக்குத் தரும் பயனும் வேறு என்பதைக் கணிதத்தால் கூறி, கடல் வணிகன் தன் சரக்கினை ஒரே கப்பலில் ஏற்றாது பிரித்தேற்றுவது ஏன் நன்று என்பதையும் அதில் விளக்கினார். வாசனைப் பொருள் வணிகரின் வழித்தோன்றல் அல்லவா!

இடர் பற்றிய இச்சிந்தனை 1760இல் மனித உயிர்களின் மீது திரும்பியது. அக்காலத்தில் பெரியம்மை ஆண்டுதோறும் ஐரோப்பாவைச் சூறையாடியது. நோயுற்றவரின் கொப்புளச் சீழை நலமுள்ளவரின் தோலில் கீறி ஏற்றினால் நோய் மென்மையாய் வந்து நீங்கும், பின் மீண்டும் தாக்காது என்பது கிழக்கு நாடுகளிலிருந்து ஐரோப்பா அறிந்துகொண்ட முறை. ஆனால் அவ்வாறு ஏற்றிக்கொண்டோரிலும் ஒரு சிலர் மாண்டனர். ஏற்றலாமா, கூடாதா என்று வழக்காடியோர் பலர். கணக்குப் பார்த்தவர் டேனியல்.

பிரெசுலாவு நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஏலி அமைத்திருந்த ஆயுள் அட்டவணையை அவர் அடிப்படையாகக் கொண்டார். 1300 குழந்தைகள் ஒருங்கே பிறந்ததாக வைத்துக்கொண்டு, அம்மை வராதோரில் ஆண்டுக்கு எட்டில் ஒருவருக்கு அது வரும், வந்தோரில் எட்டில் ஒருவர் இறப்பர் எனக் கருதி, ஆண்டாண்டாகக் கணித்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் சற்றொப்பப் 13இல் ஒருவரை அம்மை கொண்டுபோகிறது என்று தெரிந்தது. அம்மை அறவே நீங்கினால் சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயரும். சீழ் ஏற்றியோரில் 200இல் ஒருவர் இறந்தாலும் அவ்வூதியத்தில் குறைவது இரண்டு மாதத்துக்கும் உட்பட்டதே. இவை பாரிசுக் கழகத்தில் 1760இல் படிக்கப்பட்டு 1766இல் அச்சாயின.

இக்கணக்கை எதிர்த்தவர் டாலம்பேர் என்னும் பெரும் கணித அறிஞர். நாட்டுக்கு மூன்று ஆண்டு ஊதியம் என்பது சரி. ஆனால் தன் நலமான குழந்தையை மருத்துவரிடம் நீட்டும் தாய்க்கு, என்றோ வரக்கூடிய ஆபத்தும் இந்தத் திங்களிலேயே நேரக்கூடிய சாவும் ஒரே தராசில் நிற்குமா என்பது அவர் வினா. இதனைப் பிடிவாதம் என்று தள்ளிவிட நாம் ஒருப்படவில்லை. நம் கையால் நேரும் தீங்கும் நாம் வாளாவிருந்து நேரும் தீங்கும் ஒன்றோ வேறோ என்பது கணக்கினால் மட்டும் தீர்வதன்று. எனினும் வாளாவிருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை இத்தனை உயிர் என்று எண்ணிக்கையில் முதலில் எடுத்துக் காட்டியவர் டேனியல். 1763இல் பாரிசு நீதிமன்றம் நகரினுள் இம்முறையைத் தடை செய்தது. 1774இல் மன்னர் பதினைந்தாம் லூயி பெரியம்மையால் மாண்ட பின், புதிய மன்னரே தம் கையை நீட்டி ஏற்றிக்கொண்டார். தீங்கு மிகக் குறைந்த மாட்டம்மைப் பாலை ஜென்னர் கையாண்டது 1796இல். பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என 1980இல் அறிவிக்கப்பட்டது.

நோய்க்கு இலக்காவோர், நோய் கண்டு பிழைத்தோர், மாண்டோர் என்று மக்களைப் பிரித்து, ஒரு பகுதி மற்றொன்றாக மாறும் வீதத்தைச் சமன்பாட்டில் அமைத்த அவ்வழி இன்று மிகவும் விரிந்துள்ளது. தொற்றுநோய்களின் போக்கை முன்னறிவதற்கும், காடுகளிலும் கடலிலும் உயிரினங்களின் தொகை பெருகுவதையும் அருகுவதையும் ஆயும் சூழலியலாருக்கும் இத்தகைய சமன்பாடுகளே கருவி.

1750இல் பாசலில் இயற்பியல் பேராசிரியர் பதவி டேனியலுக்குக் கிட்டியது. அவரது நாட்டத்துக்கு ஏற்ற பதவி ஐம்பதாம் வயதில்தான் வந்தது எனலாம். சோதனைகளைச் செய்து காட்டியபடி அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் நிரம்பியது. 1776 வரை அப்பணியில் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இளமையில் ஒரு பயணத்தின்போது உடன் வந்த அந்நியரிடம் தம் பெயரைச் சொல்ல, அவர் கேலி என்று எண்ணித் தாம் ஐசக் நியூட்டன் என்று பதிலுரைத்தாராம். கழகங்கள் தந்த சிறப்புகளினும் இதனையே பெரிதாக எண்ணி டேனியல் மகிழ்ந்து சொல்லிவந்தார்.

மூச்சினைப் பற்றி எழுதிப் பட்டம் பெற்றவர் முதுமையில் ஈளை நோயால் துன்புற்றார். 1782 மார்ச்சு 17ஆம் நாள் பாசலில் உயிர் நீத்தார். தந்தையை அடக்கம் செய்த புனித பேதுரு ஆலயத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். பாரிசுக் கழகத்தில் தந்தைக்குப்பின் அவர் வகித்த இடம் இளவல் இரண்டாம் யோகானுக்குச் சென்றது.